கரண்டிவாய் உள்ளான்: ஒன்று

படகோட்டியின் பெயர் நாய் சோ.
மோன் மொழியில் நாய் என்றால் ஐயா.
பதினோரு வருடமாய் மரியாதையோடு கூப்பிட்ட பெயர்தான்,
தமிழில் எழுதும்போது மட்டும் கை கூசுகிறது.
ஐயா சோ என்றே வைத்துக்கொள்வோம்.

அமாவாசை கழிந்த மூன்றாம் நாள்
வற்றத்தோடு இறங்கி
பிலின் முகத்துவாரத்துக்கு வெளியே
படகைச் சேற்றில் உட்காரவைத்தார்.
இனி நீர் ஏறும்வரை
போகவும் வழியில்லை, வரவும் வழியில்லை.
கரை ஒரு பென்சில் கோடு.
மோட்டாமா வளைகுடா முழுக்கச் சேறு,
கழுவாத தட்டுபோல் மினுங்கிக்கொண்டு.

யாங்கூனிலிருந்து வந்த மியா ஸீன்
தொலைநோக்கியை ஊன்றி எண்ணத் தொடங்கினாள்.
நான் முழங்கால்வரை புதைந்து நடந்து
சறுக்குப் பலகைமேல் குப்புறப் படுத்தேன்.
மௌல்மீனில் கல்யாணப் படம் எடுக்கிறவளுக்கு
இது என்ன வேலை என்று புருஷன் கேட்பது நியாயம்தான்.
லென்ஸுக்கு இன்னும் நாலு தவணை பாக்கி.

உள்ளான்கள் வந்தன.
உப்பைத் தூவியதுபோல், பிறகு
அந்த உப்பே எழுந்து நடப்பதுபோல்.
ஆயிரம், இரண்டாயிரம்,
தையல் மெஷின் ஊசிகளாய்ச் சேற்றைக் குத்திக்கொண்டு.
நடுவே கரண்டிவாய் ஒன்றோ இரண்டோ இருக்கலாம்,
இல்லாமலும் போகலாம்.
உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம் என்கிறாள் மியா ஸீன்,
மீன் விலை சொல்லும் குரலில்.

சிக்கல் என்னவென்றால்
பக்கவாட்டில் பார்த்தால் அதுவும் வெறும் உள்ளான்.
அதே கறுப்பு மூக்கு, அதே கால், அதே அவசரம்.
முகத்தை நம் பக்கம் திருப்பினால்தான்
நுனியில் அந்தக் குட்டிக் கரண்டி தெரியும்.

இருபது வருடமாய் நான் சொல்வது ஒன்றைத்தான்:
நேரே பாருங்க.
நாடியைக் கொஞ்சம் இறக்குங்க.
காது ரெண்டும் தெரியணும்.
சொன்னால் கேட்கிற முகங்களோடு பழகிய வாய்
சேற்றில் கிடந்தபடி முணுமுணுத்தது,
நேரே பாரேன்டி, ஒரே ஒரு தடவை.

வல்லூறு ஒன்றின் நிழல் விழுந்ததும்
மொத்தமும் எழுந்து,
வெள்ளையாய்த் திரும்பி, கறுப்பாய்த் திரும்பி,
வேறெங்கோ போய் இறங்கியது.

"தமிழில் இதுக்கு என்ன பேர்?"
உள்ளான்.
"அப்படின்னா?"
யோசித்ததேயில்லை. இருக்கிறான், என்றேன்.
கோயில் பள்ளியில் பெயர் கூப்பிட்டால்
உள்ளேன் ஐயா என்று நாங்கள் எழுந்து நின்றதையும் சொன்னேன்.
சிரித்துவிட்டு ஏட்டைத் திருப்பிக் காட்டினாள்.
கரண்டிவாய்க்கு எதிரே பூஜ்யம்.

இங்கே ஏற்றம் சத்தம் போட்டுத்தான் வரும்,
முதலில் காதுக்கு, அப்புறம் கண்ணுக்கு.
ஐயா சோ வெற்றிலையைத் துப்பிவிட்டு
என்னைக் கேமராவோடு சேர்த்துத் தூக்கி
மீனைப் போடுவதுபோல் படகில் போட்டார்.

இரவு, மின்சாரம் வந்த இரண்டு மணி நேரத்தில்
ஆயிரத்து நானூறு படங்களை அழித்துக்கொண்டே வந்தேன்.
வால். வால். மங்கல். சேறு. வால்.
தொள்ளாயிரத்துச் சொச்சத்தில்
நான் குறிவைக்காத ஒரு மூலையில்
ஒன்று என்னையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.
கரண்டியில் ஒரு சொட்டுச் சேறு.
நாடி சரி.
காது தெரியவில்லை, பரவாயில்லை.

காலையில் முதல் ஆள்
தெருமுனை மங்களத்தின் மகன்.
பள்ளிக்கூடத்தில் தூரா, வீட்டில் குணாளன்.
பாஸ்போர்ட் படம், ஆறு.
இந்த வருடம் கல்யாணமே இல்லை, எல்லாம் இதுதான்.
வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து
கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.
நேரே பார் என்றேன்.
பார்த்தான்.

அவன் அம்மா கூடையை இந்தக் கைக்கு மாற்றினாள்,
அந்தக் கைக்கு மாற்றினாள்.
"ஒண்ணு மட்டும் பெரிசாப் போட முடியுமா?
வீட்டுக்கு."

மதியம் மியா ஸீனிடமிருந்து பதில் வந்தது.
பூஜ்யத்தை அடித்துவிட்டாளாம்.